தொட்டிக்குப் பிரசாதம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் வாய் நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு வாரத்தின் கதை. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

நான் ஒரு ராக்கெட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்படிச் சொன்னதும் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள். காய்கறி அழுக வைக்கிற வேலை என்றால் மறுபடி சாய்ந்துகொள்கிறார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துக்கொண்டிருந்தவள் நான். கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றலாகி, குகட்பள்ளியில் குடியேறி, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஸ்ரீகாந்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. நுண்ணுயிர் வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு ராக்கெட் கம்பெனி கேட்டிருந்தது.

விஷயம் இதுதான். இப்போது வருகிற ராக்கெட் எஞ்சின்கள் பல திரவ மீத்தேனில் எரிகின்றன. மீத்தேன் பூமிக்கடியிலிருந்தும் வரும், அழுகிய தக்காளியிலிருந்தும் வரும். காற்றுப் புகாத தொட்டியில் காய்கறிக் கழிவைப் போட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். வேண்டாததை நீக்கிவிட்டு அந்த வாயுவைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவமாக்கினால் அதுவே எரிபொருள். மண்ணைத் தோண்டாமல், சந்தைக் குப்பையைக் கொண்டே வானத்துக்குப் போகலாம் என்பது ஸ்ரீகாந்தின் கனவு. கம்பெனி அவனுடையது. வயது முப்பத்திரண்டு. பள்ளிப்படிப்பெல்லாம் இந்த ஊரிலேயே என்பதால் தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வான். என் மகன் தெலுங்கில் சொல்கிறான். அதற்கு இது தேவலாம்.

செர்லபள்ளித் தொழிற்பேட்டையில் எங்கள் கொட்டகை. முன்பக்கம் எஞ்சின் செய்கிறவர்கள், பின்பக்கம் என் தொட்டி. காலையில் சலீம் சந்தையிலிருந்து வண்டியில் கழிவைக் கொண்டுவருவார். நானும் அவரும் கையுறை மாட்டிக்கொண்டு பிரிப்போம். பிளாஸ்டிக், கயிறு எல்லாம் தனியே போகும். எலுமிச்சை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அதன் தோலில் இருக்கும் எண்ணெய் என் நுண்ணுயிர்களுக்கு விஷம். புது ஆட்கள் யாராவது டீயில் பிழிந்த மூடியைத் தொட்டிப் பக்கம் வீசினால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல நாள் இல்லை.

பல மாதம் படுத்திவிட்டுத்தான் அந்தத் தொட்டி வழிக்கு வந்தது. ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் சோதனை மேடையில், ஜூன் மாதம், என் வாயுவில் எஞ்சின் முதன்முதலாக எரிந்தது. நீலமாக, சீராக, காது கிழிய எரிந்தது. கொஞ்ச நேரம்தான். நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். புருஷோத்தமன் சார்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

சார் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர். தாத்தா காலத்தில் மதராஸிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அவர் பேசுகிற தமிழில் பாதி தக்கணி, இந்த ஊர் உருது. முப்பது வருடம் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் அணு எரிபொருளின் பாதுகாப்பைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். சைனிக்புரியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களிடம் ஆலோசகர். அவருடைய கனவு அணு ராக்கெட்.

"தரையிலேர்ந்து அணுவ வச்சு கெளப்பறது நக்கோ மா, வேணாம்," என்பார். "அது ஆபத்து. தரையிலேர்ந்து உங்க கேஸ்ல போவட்டும். பூமிய விட்டு நல்லா தூரம் போனப்புறம் என் உலைய ஆரம்பிப்போம். ஹைட்ரஜன் உள்ள போயி, சூடாயி, பின்னால பிச்சிட்டு வரும். நெருப்பே கெடையாது."

"அப்ப ஊர் எல்ல வரைக்கும் நான் கொண்டாந்து உடோணும், அதுக்கு மேல நீங்க ஓட்டுவீங்களாக்கும்?"

"ஹவ்," என்று தக்கணியில் ஆமாம் சொல்லிச் சிரிப்பார். "தூரம் போறதுக்கு நான், கெளம்பறதுக்கு நீங்க."

அவரிடம் யுரேனியம் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. எங்களைப் போன்ற கம்பெனி அதைத் தொடவும் முடியாது. அவரிடம் இருந்ததெல்லாம் கணக்குகள், வரைபடங்கள், மின்சாரத்தில் சூடாகும் ஒரு மாதிரி உலை. அரசு சம்மதித்தால் ஓர் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வேலையில் இருந்தபோது இதை எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தாராம். ஒவ்வொரு தடவையும் கிடப்பில் போட்டார்களாம். இந்த முறை டெல்லியிலிருந்து ஓர் அரசுக் குழுவே வருவதாக ஏற்பாடாகியிருந்தது. என் தொட்டியைத் தொடர்வதா, அவர் உலைக்கு அனுமதி தருவதா என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துச் சொல்வார்கள். தசரா முடிந்து இரண்டு வாரத்தில் வருகிறார்கள்.

ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டையே கமகமத்தது. கடைசல் எந்திரம் முதல் டெம்போ வரைக்கும் எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. ஒவ்வொரு வாசலிலும் பூசணிக்காய் உடைத்தார்கள், ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நானும் தொட்டியின் வெளிச்சுவரில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடுமுறை முடிந்து வந்தபோது கொட்டகைக்குள் நுழையும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தொட்டி புளித்திருந்தது.

வாயு அளவைக் காட்டும் முள் படுத்துக் கிடந்தது. சலீம் மேல்மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். குங்குமம் தடவிய எலுமிச்சை மூடிகள் மிதந்தன. ஒன்றிரண்டு இல்லை, மேற்பரப்பே தெரியாத அளவுக்கு. இடையில் சாமந்தி, பூசணித் துண்டுகள், கரையாத கற்பூரக் கட்டிகள். நான் போட்ட சத்தத்தில் முன்பக்கத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"நான் இல்ல மேடம். லீவுல வண்டியவே எடுக்கல," என்றார் சலீம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சந்தையிலும் யாரும் எலுமிச்சைக்குக் குங்குமம் தடவி விற்பதில்லை.

டீ நேரத்தில் புருஷோத்தமன் சார் வந்தார். அவ்வளவு மலர்ந்த முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை.

"உங்க தொட்டிக்கு நான் பிரசாதம் போட்டேன் மா," என்றார். "பேட்டைல இருக்கற எல்லா ஷெட்டு பூஜை சாமானும் கேட்டாண்ட குமிச்சி வச்சிருந்தாங்க. சாமிக்கு படைச்சத குப்பை லாரிலயா ஏத்தறது? மூசி ஆத்துல போடலாம்னா அது தண்ணியா அது? அப்பதான் தோணிச்சு. உங்க தொட்டில போட்டா கேஸாவும், கேஸ் நெருப்பாவும், நெருப்பு ராக்கெட்ட தூக்கிட்டு மேல போவும். சாமிக்கு குடுத்தது நேரா மேலயே போயிடுது பாருங்க. வாட்ச்மேன கூப்ட்டு மூட்ட மூட்டயா நாங்களே தூக்கி போட்டோம். மஞ்சத் தண்ணியக்கூட விடல." கொஞ்சம் குனிந்து கேட்டார். "சாப்டுச்சா?"

திட்டு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எந்த அணு உலைக்காரர் இப்படிச் செய்வார்? அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒருவன் டிபன் டப்பாவோடு உள்ளே நுழைந்ததற்கு அவனை ஒரு வாரம் வெளியே நிறுத்திவைத்ததாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் குழுவின் முன் அவர் நிற்கப்போவது பாதுகாப்பு தெரிந்தவர் என்ற ஒரே தகுதியில். இது ஸ்ரீகாந்த் காதுக்குப் போனால் அன்றைக்கே அவர் பெயரை எடுத்துவிடுவான். வயது அறுபத்து நான்கு. இன்னொரு குழு அவருக்காக வரப்போவதில்லை. அதோடு அந்த முகம். நல்லது செய்துவிட்டோம் என்று அத்தனை நிச்சயமாக இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"சாப்புட்டுச்சுங்க சார்," என்றேன்.

அன்றைக்கு வீட்டில் தட்டு கழுவிய சத்தம் கேட்டு என் கணவர் பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாட்களில் எனக்குத் தெரிந்த எல்லாம் செய்து பார்த்தேன். எலுமிச்சையை அள்ளி எறிந்தோம். சுண்ணாம்பு கலந்தேன், தீனியை நிறுத்தினேன், சாணிக் கரைசல் ஊற்றினேன். தொட்டி அசையவில்லை. ஸ்ரீகாந்த் தினமும் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். தெரியவில்லை என்று தினமும் பொய் சொன்னேன். வாட்ச்மேனையும் சலீமையும் யாரிடமும் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். குழு முன்னால் எஞ்சினை முழு நேரமும் எரித்துக் காட்ட வேண்டும், சேமித்து வைத்திருந்த என் மீத்தேன் அதற்குப் போதாது.

கடைசியில் அவன் முடிவைச் சொன்னான். "மேடம், டெமோவுக்கு வெளியில கேஸ் வாங்கிடலாம். கமிட்டிகிட்ட ஓப்பனா சொல்லிடலாம். டேங்க்க ப்ரொபோசல்லேர்ந்து எடுத்துடறேன். பயாலஜி ஈஸ் லைக் திஸ் ஒன்லி. எப்ப சாகும்னு தெரியாத ஃப்யூவல வச்சு ராக்கெட் விட முடியாது. மீத்தேன் ஈஸ் மீத்தேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு ராக்கெட்டுக்கு தெரியுமா?"

"ராக்கெட்டுக்குத் தெரியாதுங்க தம்பி. உங்களுக்குத் தெரியுமல்லோ."

அவன் கேஸ் வாங்க ஃபோனை எடுத்தான். தொட்டியை மூடப்போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அது தானாகச் செத்துப்போன தொட்டி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அதைக் காப்பாற்றலாம். அந்த ஒரு வார்த்தை சாரைத் தீர்த்துவிடும். யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

குழு வந்தது. தலைமை ஆக்னஸ் மேடம். சொந்த ஊர் தூத்துக்குடி என்று பேச்சுவாக்கில் சொன்னார். வாங்கிய வாயுவில் எஞ்சின் முழு நேரமும் எரிந்தது. அருமையாக எரிந்தது, அதை மறைப்பானேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கும்போது தட்டுகிற மாதிரி.

பிறகு கூட்டம். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். முறை என்னிடம் வந்ததும் ஆக்னஸ் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"தொட்டி ஏன் செத்தது?"

"சேரக் கூடாத பொருள் உள்ளே சேர்ந்துவிட்டது. பொறுப்பு என்னுடையது."

"அப்படியானால் நாளைக்கும் சேரலாம். நம்ப முடியாத அமைப்பு. விட்டுவிடுவதுதான் சரி." பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் புருஷோத்தமன் சார்.

அவர் எனக்காகத்தான் எழுந்தார் என்று எனக்குத் தெரியும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது தவறு நடந்தால் 'என் பொறுப்பு' என்று சொல்லி யாரும் தப்பித்துவிட முடியாது. அது விடையே இல்லை என்பார்கள். என்ன, எப்படி, எப்போது என்று அடிவரைக்கும் கேட்டுக்கொண்டே போவார்கள். முப்பது வருடம் அப்படிக் கேள்வி கேட்டவர் அவர். தொட்டி பிரசாதத்தைச் சாப்பிட்டுவிட்டது என்று நானே சொல்லியிருந்ததால் தன் மூட்டைகளை அவர் நினைக்கவே இல்லை.

"பொறுப்பை விடுங்கள். என்ன பொருள் சேர்ந்தது?"

"எண்ணெய், சார்."

"என்ன எண்ணெய்?"

"பழத்தோல் எண்ணெய். இது போதும், சார்."

"போதாது. எந்தப் பழம்?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எலுமிச்சை."

"சந்தைக் கழிவில் வந்ததா?"

"இல்லை."

"அப்படியென்றால் யாரோ வெளியிலிருந்து போட்டிருக்கிறார்கள். அமைப்பில் குறை இல்லை, பார்த்தீர்களா?" என்று குழுவின் பக்கம் திரும்பி வெற்றியோடு சொன்னார். மறுபடி என் பக்கம் வந்தார். "எப்போது போட்டார்கள்?"

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"கமலா, எப்போது?"

"விடுமுறையில், சார்."

"எந்த விடு..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். என் கண்ணில் மிச்ச விடை இருந்திருக்கும்.

"ஐயோ," என்றார் தமிழில். "நான்ல மா போட்டேன்."

குழுவில் மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆக்னஸ் மேடத்துக்குப் புரிந்தது. அவரும் தமிழுக்கு வந்தார். "சார், ரெண்டு பேர் இல்லாம ஒரு மூடியக்கூட தொறக்கக் கூடாதுன்னு உங்க அறிக்கைல நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஹவ் மேடம். என் உலைக்கு எழுதுனேன்." அவர் குரல் தேய்ந்துவிட்டது. "இது காய்கறி தொட்டிதானேன்னு நெனச்சிட்டேன்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. எலுமிச்சை போட்டதுகூட அப்படிச் சுடவில்லை. ஒரு வருடம் பக்கத்தில் நின்று, என் வேலையைக் கொண்டாடி, நான் அழுதபோது தண்ணீர் கொடுத்த மனிதர். அவர் மனசிலும் என் தொட்டி சாமான் கொட்டுகிற இடமாகத்தான் இருந்திருக்கிறது. மரியாதையோடு கொட்டுகிற இடம், அவ்வளவுதான். இவருக்காகவா இரண்டு வாரம் வாயைக் கட்டினேன் என்று நினைத்தேன்.

அவர் உட்காரவில்லை. குழுவைப் பார்த்து இங்கிலீஷில், நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னார். எத்தனை மூட்டை, யார் தூக்கியது, மஞ்சள் தண்ணீர், கற்பூரம், எதையும் விடவில்லை. கடைசியில், "தொட்டியில் குறை இல்லை. வளர்த்தவரிடமும் குறை இல்லை. ஒரு மனிதன் யாரையும் கேட்காமல் மூடியைத் திறந்தான். உங்கள் அறிக்கையில் என் பெயரைப் போட்டு எழுதுங்கள்," என்றார். அந்த வரியின் விலை என்ன என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

முடிவு சில நாளில் வந்தது. தொட்டிக்குக் கோடை வரை அவகாசம். புதிதாக ஆரம்பித்து, பூட்டுப் போட்டு, முழு நேரச் சோதனைக்கான வாயுவைச் சேர்த்துக் காட்ட வேண்டும். அணு உலை ஆய்வு, தற்போதைக்கு இல்லை. ஸ்ரீகாந்த் வாசித்துக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாருக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பாதிப் பொய். முதலில் சந்தோஷப்பட்டேன். வருத்தம் பிறகுதான் வந்தது, சந்தோஷத்தைக் கெடுப்பதற்கென்றே வந்தது போல.

ஒரு பால் பண்ணையின் எரிவாயுத் தொட்டியிலிருந்து சலீம் கேன்களில் நுண்ணுயிர் நிறைந்த புதுக் கரைசல் கொண்டுவந்த அன்று சார் பின்பக்கம் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா மா?"

அவ்வளவுதான், எனக்கு அவிழ்ந்துவிட்டது. "இப்பத்தான் கேக்கத் தெரியுதுங்களா? அன்னைக்கே கேக்கறதுக்கு என்னங்க? ஃபோன்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் ஓடியாந்திருப்பேனல்லோ! உங்க உலைன்னா ரெண்டு பேரு வேணும், என்ற தொட்டின்னா யாரு வேணாலும் எத வேணாலும் கொட்டலாமுங்களா? சாணி, குப்பைன்னா அத்தன எளக்காரமுங்களா சார்?" இன்னும் நிறையச் சொன்னேன். சலீம் கேனை வைத்துவிட்டு நழுவிவிட்டார். மூச்சு வாங்கும்வரை திட்டினேன்.

சார் வாசலைத் தாண்டாமல் நின்று கேட்டுக்கொண்டார். நான் நிறுத்தியதும் சொன்னார். "மன்னிப்பு கேக்கதான் வந்தேன். வர்ற வழில யோசிச்சேன். எத கொன்னேன்னே எனக்கு தெரியாது. அது தெரியாம மன்னிப்பு கேட்டா சும்மா வாய் வார்த்ததான? மொதல்ல காட்டுங்க."

ஒரு கேனைத் திறந்து ஒரு சொட்டு எடுத்தேன். கண்ணாடியில் வைத்து, நுண்ணோக்கியின் விளக்கை ஊதா ஒளிக்கு மாற்றி, அறை விளக்கை அணைத்தேன். மீத்தேன் விடுகிற உயிர்கள் அந்த ஒளியில் தாமாகவே நீலப்பச்சையாக மின்னும். செத்தவை மின்னாது. நான் நகர்ந்து நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் குனிந்தார்.

ரொம்ப நேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்ளோ பேரா?" என்றார்.